அரத்தின் வாலில் இரண்டு சொற்கள்

பட்டாளத்தார் ஒரு பொருளைப் பத்திரப்படுத்தினால் அது எமன் வந்து தேடினாலும் அகப்படாது என்று அவர் மனைவி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடியையே ஒருமுறை அப்படிப் பத்திரப்படுத்தி, ஒன்றரை மாதம் அவளைச் சுவரைத் தடவித் தடவி நடக்கவிட்ட மனிதர். அவர் நாற்பத்தாறு வருடமாக உயிரைப் போலக் காத்துவந்தது ஓர் அரத்தை. இரும்பை ராவுகிற சாதாரணப் பட்டை அரம்தான், ஓரடி நீளம். எண்ணெய்த் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்.

அரம் அவருடையது அல்ல. வம்பெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

போர் நடந்தபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு முன்னால் ஓடியவர் என்று நினைத்துவிட வேண்டாம். லாரியும் பீரங்கி வண்டியும் படுத்துக்கொண்டால் எழுப்பிவிடுகிற பிரிவில் ஃபிட்டர். பக்கத்து மேசைக்காரன் எல்லாவற்றையும் இடக்கையால் செய்கிறவன், அதனால் பட்டறை முழுக்க அவனுக்குப் 'பீச்சாங்கை' என்றே பெயர். கூப்பிட்டால் கோபப்படாமல் அந்தக் கையாலேயே சலாம் வைப்பான்.

ஃபிட்டர்கள் எதை வேண்டுமானாலும் இரவல் தருவார்கள், அரத்தைத் தர மாட்டார்கள். அது அவரவர் கைவாக்குக்குத் தகுந்தபடி தேய்கிற சாமான். இன்னொருவன் கை பட்டால் கெட்டுப்போகும் என்பார்கள். பீச்சாங்கையின் அரத்தை அப்படியே யாராவது திருட்டுத்தனமாக எடுத்தாலும் உபயோகம் இல்லை. மற்றவர்கள் அரம் தேய்கிற பக்கம் அவனுடையதில் பல் கூராக இருக்கும். மறுபக்கத்தில், நுனிக்கு நாலு விரற்கடை முன்னால், மழமழவென்று வழுக்கும்.

ஊரில் அவனுக்கு மகள் பிறந்த சேதி வந்த அன்று, அரத்தின் மரப்பிடியைத் தட்டிக் கழற்றினான். அரம் முழுக்கக் கெட்டி இரும்பு, ஆணி இறங்காது. பிடிக்குள்ளே போகிற கூர்வால் மட்டும் கொஞ்சம் மெத்து. அந்த வாலில் ஆணியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி, சாப்பாட்டு நேரம் முழுக்கக் குனிந்திருந்து, இரண்டு சொற்கள் எழுதினான். 'மகளுக்கு. அப்பா.'

"குழந்தை பிறந்தா கிலுகிலுப்பை வாங்கிக் குடுப்பாங்க. நீ அரம் குடுக்கறியேடா" என்று பட்டாளத்தார் சிரித்தார்.

"கிலுகிலுப்பை ரெண்டு மாசத்துல உடைஞ்சுடும். இது அவ கிழவியானாலும் இருக்கும். உனக்குத்தானே லீவு வந்திருக்கு? கொண்டுபோய் அவ கையில குடு. நிஜமாவே கையில. தொட்டிலுக்குள்ள கையை விட்டுக் குடுத்துட்டு வரணும்."

விடுப்புக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. இரண்டாம் நாள் பட்டறைக் கொட்டகைமேல் குண்டு விழுந்தது. பட்டாளத்தார் எரிகிற கொட்டகைக்குள் புகுந்து நான்கு பேரை இழுத்துக்கொண்டு வந்தார். ஐந்தாவது ஆளுக்காகத் திரும்பியபோது கூரை இறங்கிவிட்டது. அந்த ஐந்தாவது ஆள்தான் பீச்சாங்கை.

அவன் முதல் நாளே கொடுத்துவைத்திருந்த அரத்தோடு பட்டாளத்தார் அவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. எழுதிய கடிதங்களெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. போன வருடம்தான் முன்னாள் படைவீரர் சங்கத்து எழுத்தர் பழைய கோப்புகளைக் கிளறி ஒரு தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு இப்போது நாற்பத்தாறு வயது. பஸ் ஓட்டுகிறாள்.

முதல் தடவை பேசும்போதே அவள் "சித்தப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். கிழவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"சித்தப்பா, எங்கப்பா எழுத்து எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. ஒரே ஒரு போட்டோ இருக்கு. அதுலயும் பக்கத்துல நிக்கறவர் தொப்பி பாதி முகத்தை மறைச்சுடுச்சு."

"எழுத்து இருக்கு கண்ணு. உனக்குன்னே எழுதினது. தபால்ல அனுப்ப மாட்டேன். உன் கையில நானே குடுக்கணும்."

அதன்பிறகு வாரம் தவறாமல் பேச்சுத்தான். அவள் ஊர் தூரம், லீவும் கிடைப்பதில்லை, நேரில் பார்க்க மட்டும் வாய்க்கவில்லை. கண்ணு என்பார், ராஜாத்தி என்பார். கேட்டதற்கு ஒரு வார்த்தைக்கு மேல் பதில் சொல்லாமல் வீட்டில் மௌனமாக இருக்கிற மனிதருக்கு இத்தனை கொஞ்சல் எங்கே ஒளிந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த அறையில் அவருடைய சொந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி போனபிறகு அவர் மகள் வீட்டில்தான் இருந்தார். மருமகனுக்குக் கத்திப் பட்டறை. ஹோட்டல் சமையல்காரர்களும் கறிக்கடைக்காரர்களும் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லிவைத்து வாங்குகிற கத்திகள். இரும்பைக் காய்ச்சி அடிப்பது அவன் வேலை. கிரைண்டரில் உரசி, மெருகேற்றி, கூர் பிடிப்பது அவள் வேலை. அவள் கை பட்டுத்தான் கத்திக்கு முகமே வரும் என்று மருமகனே நாலு பேர் நடுவில் சொல்வான்.

படைவீரர் சங்கத்தில் வருடத்துக்கு ஒருவரைப் பாராட்டி, கையால் செய்த கத்தி ஒன்றைப் பரிசாகக் கொடுப்பார்கள். இந்த வருடம், போரில் நான்கு உயிரைக் காப்பாற்றிய பட்டாளத்தாருடைய முறை. அவர் வழக்கம்போல வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு ஏதோ கணக்குப் போட்டு, சரி என்றார். விழாவுக்குப் பீச்சாங்கை மகளை வரச்சொல்லலாம், பேச்சும் கைதட்டலும் முடிந்ததும் ஓரமாக உட்கார்ந்து அரத்தைக் கையில் கொடுத்துவிடலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. கத்தியில் அவருக்கு அக்கறையே இல்லை.

கத்தியை மருமகனே செய்வதாக ஏற்பாடு. ஒரு மாதம் மாமனாரைப் பட்டறைக்குள் விடவில்லை. "உள்ள வராதீங்க மாமா, பார்த்துட்டா சுவாரசியம் போயிடும்" என்று வாசலிலேயே மறித்தான். கிழவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. தனக்காக ஒரு கதவு மூடியிருப்பது அவருக்கு ஆயுளில் அதுதான் முதல் தடவை.

விழா அன்று காலை பீரோவைத் திறந்து பொட்டலத்தை எடுத்தார். அதே துணி, அதே கயிறு, அதே முடிச்சு, அதே கனம். பிரிக்கவில்லை. அவள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று தோள்பையில் போட்டுக்கொண்டார். அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதை எதுக்குப்பா இன்னைக்கு எடுக்கறீங்க?"

"அவ வர்றா."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். ஏன், என்ன?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டைக் கையையே மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

சங்கக் கூடத்தில் இருநூறு நாற்காலி, எழுபது தலை. சங்கத் தலைவருக்கு ஒலிபெருக்கி கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. போரைத் தானே நடத்தி முடித்தமாதிரி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு மேசைமேல் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார்.

"இது கடையில் வாங்கிய இரும்பு என்று நினைக்காதீர்கள்! போர்க்களத்து இரும்புதான் வேண்டும் என்று நான் கேட்டேன். கிடைத்தது. நம் வீரர் அன்றைக்குக் கையில் பிடித்திருந்த அதே அரம்! அந்த அரத்தைக் காய்ச்சி அடித்த கத்தி இது!"

கைதட்டல். பட்டாளத்தாரும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். எந்த அரம் என்று அவர் யோசிக்கவில்லை, தலைவர் வழக்கம்போல அளக்கிறார் என்றுதான் எண்ணினார். அரம் தோள்பையில் இருக்கிறதே.

கத்தி கைக்கு வந்தது. அழகான கத்தி, அதில் சந்தேகமில்லை. அலகில் அவர் பெயரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. அரத்திலிருந்து வந்தது என்று தெரிவதற்காக, கத்தியின் முதுகை ஒட்டிப் பழைய பல் வரிசையை உரசாமல் விட்டிருந்தார்கள். அதன்மேல் கிழவரின் கட்டைவிரல் தானாக ஓடியது. சொரசொரப்பு, சொரசொரப்பு, சொரசொரப்பு. நுனிக்கு நாலு விரற்கடை முன்னால் வழுக்கியது.

எழுபது வயதுக் கட்டைவிரலுக்கு ஊசிமுனை தெரியாமல் போகலாம், இது தெரியாமல் போகாது. நிமிர்ந்தபோது, கூடத்தின் கடைசி வாசலில் பஸ் ஓட்டுநர் சீருடையோடு ஒரு பெண் மூச்சிரைக்க நின்று, அவரைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

பேசச் சொன்னார்கள். "நன்றி" என்றார். இவ்வளவு குறைவாக ஒருவர் பேசியதில் தலைவருக்கு ஏக சந்தோஷம், உடனே ஒலிபெருக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மேடைக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைக்கிற சின்ன அறை. பட்டாளத்தார் அதற்குள் போய்ப் பொட்டலத்தை மேசைமேல் வைத்து, பரிசுக் கத்தியாலேயே கயிற்றை அறுத்தார். உள்ளே புத்தம்புது அரம். கடைக்காரன் தடவிய எண்ணெய்கூடக் காயவில்லை.

"எப்படி மாமா இருக்கு கத்தி?" என்று பல்லெல்லாம் தெரிய மருமகன் உள்ளே வந்தான். மேசையைப் பார்த்ததும் பல்லை மூடிக்கொண்டான்.

"பிடியைக் கழட்டுங்க மாப்பிள்ளை."

"மாமா, பசை போட்டு ஆணி அடிச்சிருக்கு..."

"உடைச்சுக் கழட்டுங்க. வாலுக்குள்ள எழுத்து இருக்கு. பிடிக்குள்ள போற இடத்தை எவனும் மெனக்கெட்டு உரச மாட்டான். எழுத்து அப்படியே இருக்கும். கழட்டுங்க!"

அவர் சொன்னது நியாயம். கத்திக்கும் வால் வேண்டும், அது பிடிக்குள் மறைந்துதான் இருக்கும், அதில் என்ன எழுதியிருந்தால் யாருக்கு என்ன? அரத்தை அழித்துவிட்டாலும் எழுத்தை அழிக்க எந்தக் காரணமும் கிடையாது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் கிழவர் நின்றார்.

"எழுத்து இல்ல மாமா." மருமகன் தரையைப் பார்த்தான். "உங்க சிநேகிதரோடதுன்னு எனக்கும் தெரியும். தப்புதான். தலைவர் இரும்பு இரும்புன்னு உயிரை எடுத்தாரு. ஆனா எழுத்து உள்ள மறைஞ்சே கிடக்கட்டும்னுதான் நான் சொன்னேன். சத்தியமா சொன்னேன்..."

"பின்ன?"

"நான் உரசினேன்ப்பா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மகள் நின்றுகொண்டிருந்தாள். "அவரைக் கேக்காதீங்க. பீரோவைத் திறந்து குடுத்தது நான். புது அரத்தைச் சுத்தி வெச்சது நான். முடிச்சுகூட நீங்க சொல்லிக்குடுத்த முடிச்சுதான்."

திருடன் வந்து எடுத்திருந்தால் திட்டியிருக்கலாம். தொலைந்துபோயிருந்தால் விதி என்றிருக்கலாம். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

"ஏம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"பத்து வயசுல பிடியைக் கழட்டிப் பார்த்தப்ப அதைப் படிச்சேன். 'மகளுக்கு. அப்பா.' எனக்குத்தான்னு நினைச்சேன். வேற என்னன்னு நினைப்பேன்? உங்களுக்கு மக நான்தானே? பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன். எங்கப்பா பட்டாளத்துல இருந்து எனக்காக எழுதிக் கொண்டாந்தாருன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா காட்டினேன். நீங்க வகுப்புக்குள்ள வந்து பிடுங்கினீங்க. 'இது உனக்கில்ல, இனிமே தொட்டா கையை முறிச்சுடுவேன்'னீங்க. வகுப்பே பார்த்துச்சு."

பட்டாளத்தார் யோசித்துப் பார்த்தார். அரம் காணாமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டியது நினைவிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஓடியது நினைவிருந்தது. அரம் கிடைத்தபோது போன உயிர் திரும்பி வந்ததும் நினைவிருந்தது. அங்கே ஒரு குழந்தை நின்றதுதான் நினைவில் இல்லை.

"அதுக்காகவா?"

"அப்புறமும் எதுவும் எழுதலையேப்பா எனக்கு. ஒரு வரி? ஒரு வாழ்த்து அட்டை? அவளை ராஜாத்திங்கறீங்க. முகம் தெரியாதவளை. நான் உங்க துணியைத் துவைச்சுக்கிட்டே கேட்டுட்டு இருப்பேன்." "கிரைண்டர் கல்லுல வெச்சதும் 'மகளுக்கு' போயிடுச்சு. மோட்டாரை நிறுத்திட்டேன். 'அப்பா' மட்டும் மிச்சம் இருந்துச்சு. கொஞ்ச நேரம் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். அப்புறம் அதையும் உரசிட்டேன்."

குண்டுக்கும் தீக்கும் தப்பித்து வந்த இரண்டு சொற்கள். அவற்றைத் தன் வீட்டுக்குள், தன் இரத்தமே, நிதானமாக மோட்டாரை நிறுத்தி யோசித்து, மறுபடி போட்டு அழித்திருக்கிறது. அவசரத்தில் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பார். அந்த இடைவெளியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது இன்னும் பெரிய வலி. நியாயம் இருப்பதால் துரோகம் துரோகம் இல்லாமல் போய்விடுமா?

"சித்தப்பா!"

பஸ்காரப் பெண் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். வியர்வையில் சீருடை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மகள் மெல்லப் பின்வாங்கி, அடுக்கிவைத்த நாற்காலிகளின் பக்கம் போய் நின்றாள்.

"வண்டியை டிப்போவுல விட்டுட்டு ஓடி வந்தேன். நாலு மணிக்குத் திரும்ப எடுக்கணும். எவ்வளவு கைதட்டல் உங்களுக்கு! எங்கப்பா இருந்திருந்தா விசிலடிச்சிருப்பாரு, இல்ல?" என்றவள், கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள். "அந்த எழுத்து... கொண்டாந்தீங்களா?"

பட்டாளத்தார் கத்தியை அவள் கையில் வைத்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து முதுகில் ஓட்டினார்.

"இந்த வழுக்கற இடம் இருக்கே, இது உங்கப்பன் கை. இடக்கை. அவன் ராவி ராவித் தேஞ்சது."

அவள் விரல் அந்த இடத்திலேயே நின்றது. கண் நிறைந்துவிட்டது. பிறகு கத்தியைத் திருப்பிப் பார்த்தாள்.

"எழுத்து எங்கே சித்தப்பா? இதுல இருக்கறது உங்க பேரு."

"மகளுக்கு. அப்பா. அதான் எழுதியிருந்தான். கத்தி செய்யறப்ப போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா?"

"அழிச்சாச்சு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். "யாரு அழிச்சது?"

நாற்காலிகளின் பக்கத்திலிருந்து மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு விரலைத் தூக்கினால் போதும்.

"நான்தான்" என்றார் பட்டாளத்தார். "போர்க்களத்து இரும்பு வேணும்னு கேட்டாங்க. வீட்டுல இதான் இருந்துச்சு. தூக்கிக் குடுத்துட்டேன்."

அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. வண்டிக்குக் குறுக்கே யாரோ பாய்ந்துவிட்டதைப் போல ஒரு நொடி அப்படியே நின்றாள். பிறகு கத்தியை மேசைமேல், புது அரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை நீயே வெச்சுக்க கண்ணு."

"உங்க பேரு போட்டதை எங்க வீட்டுல எங்க வைக்கிறது?" என்றாள். "நாப்பத்தாறு வருஷம் வெச்சிருந்தீங்களே. நான் வர்ற வரைக்கும் இன்னும் ஒரு மாசம் வெச்சிருக்கக் கூடாதா, சார்?"

சார். கதவு அவளுக்குப் பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது. கூடத்தில் தலைவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

மகள் ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "ஏன்ப்பா? ஏன் நீங்கன்னு சொன்னீங்க? அவ போறா பாருங்க. நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான் செஞ்சேன்னு கால்ல விழுந்தாவது சொல்லிடறேன்..."

கதவை நோக்கித் திரும்பியவளின் மணிக்கட்டைப் பட்டாளத்தார் எட்டிப் பிடித்தார். அவர் தானாக அவளைத் தொட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவள் நின்றாள். அப்பா மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள் போலிருக்கிறது, அவர் தோளில் சாய வந்தாள்.

"போகாதே" என்றார். "அவ என்னை வெறுத்துட்டுப் போகட்டும். உன்னை வெறுக்க நான் ஒருத்தன் போதும்."

சொல்லிவிட்டுக் கையை விட்டார்.